தானுந்து வழிகாட்டி

தானுந்து வழிகாட்டி என்பது வண்டியின் இருப்பிடத்தை அறிந்து, செல்லவேண்டிய வழியைப் படமாகவும் குரலாகவும் தரும் கையடக்க மின்னணுக் கருவி ஆகும்.

செயற்படும் முறை

ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களுள் குறைந்தது நான்கின் குறிப்பலைகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டு, கருவி தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. பொதுமக்களுக்கான குறிப்பலையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வந்ததை 2000 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா நிறுத்தியது. அதன் பின்னரே தெருவளவில் வழிகாட்டுதல் எளிதாயிற்று.

நெரிசல் தகவல்

சாலை நெரிசலை இச்செயற்கைக்கோள்கள் அறியா. அத்தகவல் பண்பலை வானொலி அல்லது செல்பேசி வலையமைப்பு வழியாகத் தனியே வருகிறது. பிற வண்டிகளின் வேகத்தைத் தொகுத்தே அது பெரும்பாலும் உருவாக்கப்படுகிறது. எனவே தொடர்பு அறுந்தால் கருவி வழியைக் காட்டும். புதிய நெரிசலைக் காட்டாது.

வடசென்னையில் பயன்பாடு

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வழியே செல்லும் கடலோரச் சாலையில் சென்னைத் துறைமுகத்திற்கான சரக்குப்பெட்டக லாரிகள் நீண்ட வரிசையில் நிற்பதுண்டு. லாரிகள் ஒரு தடத்தில் நிற்க, தானுந்துகள் மறுதடத்தில் ஓடினால், சராசரி வேகம் இரண்டிற்கும் பொருந்தாது. கிழக்கே கடலும் மேற்கே இருப்புப்பாதையும் பக்கிங்காம் கால்வாயும் இருப்பதால், இடையில் விலகிச் செல்லும் வழிகள் குறைவு. ஆகவே நெரிசல் நிலவரத்தை இச்சாலையில் நுழையும் முன்பே பார்த்து, தேவையெனில் மாதவரம், மணலி வழியைத் தேர்வது பயன் தரும்.