துயிலும் அவளே

மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தின் அருகே, ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலைத் தலையில் சுமந்திருக்கும் பாறையின் அடியில் மகிடாசுரமர்த்தினி மண்டபம் இருக்கிறது. பல்லவர் குடைந்த குகை. இதை அவசரமாகப் பார்க்கக் கூடாது. எதிரெதிராக இருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே நின்று, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டும்.

ஒரு சுவரில் அனந்தசயனம். ஆதிசேடனின் சுருள்மேல் திருமால் கால் நீட்டிப் படுத்திருக்கிறார். மதுவும் கைடபனும் கதையோடு காலடியில் நிற்கிறார்கள். அவருக்கோ ஒரு சலனமும் இல்லை. எதிர்ச் சுவரில் சிங்கத்தின்மேல் எட்டுக் கைகளோடு துர்க்கை. வில் வளைந்திருக்கிறது. பூதகணங்கள் முன்னே பாய்கின்றன. எருமைத்தலை மகிடன், கையில் கதையை விடாமலே உடலைப் பின்னால் சாய்க்கிறான். அடுத்த அடியைப் பின்வாங்கித்தான் வைப்பான் என்று அந்தச் சாய்விலேயே தெரிகிறது. ஒரே கருங்கல், இங்கே முழு ஓய்வு, அங்கே முழு வேகம். நடுவே கருவறையில் சோமாஸ்கந்தர்.

இரண்டுமே தேவி மாகாத்மியம் சொல்லும் கதைகள். திருமாலின் உறக்கமே தேவிதான் என்கிறது அந்நூல். யோகநித்திரை என்பது அவள் பெயர். பிரமன் வேண்டிக்கொண்டதும் அவள் அவருடைய கண்ணிலிருந்தும் மார்பிலிருந்தும் விலகுகிறாள், அவர் எழுகிறார். மகிடனை வதைக்க வந்தவளும் அவளே. துயிலாகக் கிடந்ததும் போராக எழுந்ததும் ஒரே சக்தி.

பள்ளிக்கூடத்தில் இதையே நிலையாற்றல், இயக்க ஆற்றல் என்று படித்தோம். ஓர் ஆற்றல் இன்னோர் ஆற்றலாக உருமாறும். மொத்தக் கணக்கில் மட்டும் கூடுதலும் குறைவும் கிடையாது. பல்லவச் சிற்பி இயற்பியல் அறிந்திருந்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அவனுக்கும் பெருமையில்லை, இயற்பியலுக்கும் பெருமையில்லை. ஆனால் ஓய்வும் வேகமும் வெவ்வேறல்ல என்பதைத் தியானத்தில் ஒருவர் தொட்டதையும், கணக்கில் இன்னொருவர் தொட்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது. தமிழ் இதை எப்போதோ செய்துவிட்டது. மின்சக்தி, அணுசக்தி என்று சொல்லும்போதெல்லாம் நாம் அம்மனின் பெயரைத்தான் சொல்கிறோம்.

சற்றுத் தள்ளிச் சரிவில் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பாருங்கள். எடை சுமார் 250 டன் என்பார்கள். அது பத்து மீட்டர் உயரம் உருண்டு விழுந்தால் வெளிப்படும் ஆற்றல் எவ்வளவு? கணக்குப் போட்டால் ஏழு யூனிட் மின்சாரம்கூட வரவில்லை. ஒரு வீட்டில் ஏ.சி. ஓரிரவு ஓடினால் தீர்ந்துபோகும். ஆனால் அந்தப் பாறையில் ஒரு கிராம் துணுக்கு, தன் பொருண்மை முழுவதையும் ஆற்றலாக்கித் தந்தால் இரண்டரைக் கோடி யூனிட். ஐன்ஸ்டீன் 1905இல் கண்டது இதைத்தான். கல் என்பது உறைந்து கிடக்கும் ஆற்றல்.

மறுபக்கமும் உண்டு. தேவர்களின் தேஜஸெல்லாம் திரண்டு தேவிக்கு உடலானது: சிவனின் ஒளி முகமாயிற்று, எமனுடையது கூந்தலாயிற்று, திருமாலுடையது கைகளாயிற்று. ஒளி பொருளாகுமா? ஆகும். வலிமை மிக்க காமா ஒளித்துகள் ஓர் அணுக்கருவின் அருகே செல்லும்போது மறைந்து, அங்கே எலக்ட்ரானும் பாசிட்ரானும் பிறக்கின்றன. 1930களிலேயே ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்டுவிட்டார்கள்.

ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் 2004 முதல் நிற்கும் நடராஜரைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. எனக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கவில்லை. கடற்கரைச் சாலையில் தெற்கே கல்பாக்கம் வரை போனால் போதும்.

அங்கே வாயலூர்ப் பக்கம் பாலாறு கடலில் சேர்கிறது. உள்நாட்டுப் பாறைகள் யுகயுகமாய்த் தேய்ந்து வந்த மணல் அந்தக் கரையில் கிடக்கிறது. அலை பின்வாங்கும் இடத்தில், கனமான கருமணல் கோடுகோடாய்த் தங்கும். அதனூடே தேன்நிறத்தில் மோனசைட் மணிகள். அவற்றுக்குள் தோரியம். நம் சூரியன் பிறக்கும் முன்பே வேறு விண்மீன்களின் அழிவில் உண்டான தனிமம் அது. அது பாதியாகக் குறைய 1,405 கோடி ஆண்டுகள் வேண்டும். பிரபஞ்சத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடிதான். இதைவிட நீண்ட அனந்தசயனம் ஏது? ஆனாலும் அது செத்த உறக்கமல்ல. ஒரு கிராம் தோரியத்தில் நொடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் சிதைந்துகொண்டே இருக்கின்றன. உறங்குபவரின் மூச்சுப்போல. யுரேனியத்தோடு சேர்ந்து அந்த மூச்சும் பூமியின் உள்ளே சூடு ஆறாமல் காக்க உதவுகிறது.

அதை எழுப்பவும் வழியுண்டு. தோரியம் தானாக எரியாது. ஒரு நியூட்ரான் வந்து உள்ளே புகவேண்டும். அதன்பின் இரண்டு படிகள் உருமாறி யுரேனியம்-233 ஆகிறது. இரண்டாவது படிக்கு மட்டும் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். பிறகுதான் அது பிளந்து சக்தி தரும். அந்த யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்ட சிறிய ஆய்வு உலை 1996இல் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கியது. வெறும் 30 கிலோவாட். 'கல்பாக்கம் மினி' என்பதைச் சுருக்கிக் 'காமினி' என்று பெயர் வைத்தார்கள். காமினி என்றால் பெண். யோகநித்திரை விலகி எழுந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக் கோட்டையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனேன். அலை ஒதுங்கிய இடத்தில் கருமணல் ஈரமாய் மின்னியது. காலை குகை வாசலில் செய்ததுபோலவே, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மணலில் இறங்கினேன்.