மார்க் இல்லாத பாடம்

போன செமஸ்டரில் நமக்குப் பேரிடர் மேலாண்மை என்று ஒரு பாடம் இருந்ததே, ஞாபகம் இருக்கா? கிரெடிட் கிடையாது, செமஸ்டர் எக்ஸாமும் கிடையாது. அதனால் பாதி கிளாஸ் பின்னாடி உட்கார்ந்து ஆப்டிட்யூட் கணக்கு போட்டுக்கொண்டிருந்தோம். நானும்தான்.

ஒருநாள் மேடம் கேட்டார்: "இப்போ இந்த பிளாக்ல தீப்பிடிச்சா எந்த வழியா வெளிய போவீங்க?"

எல்லோரும் மெயின் படிக்கட்டைக் காட்டினோம்.

"தீயே அங்கதான்னா?"

"பின்பக்கப் படிக்கட்டு இருக்கே மேடம்." போய்ப் பார்த்தோம். கேட் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் இருக்கும் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. நாலாவது வருஷம் படிக்கிறோம்!

பேரிடர் வந்தால் தீயணைப்புத் துறையும் மீட்புப் படையும் வரும். கல்லூரிக்கு இதில் என்ன வேலை? மூன்று வேலைகள் இருக்கின்றன.

1. ஆட்களைத் தயார் செய்வது

2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் புஜ் பகுதியில் நிலநடுக்கம் வந்தது. 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிகள் விழுந்தன. கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல், பார்க்கிங்குக்காக வெறும் தூண்கள் மட்டும் விட்ட கட்டிடங்கள் அதில் இருந்தன. இத்தனைக்கும் நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டுவதற்கான ஐ.எஸ். 1893 விதிமுறை 1962-லேயே வந்துவிட்டது. விதி புத்தகத்தில் இருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் போதவில்லை. அதனால்தான் 2003-இல் மத்திய அரசு ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் மற்ற கல்லூரி ஆசிரியர்களுக்கு நிலநடுக்கப் பொறியியல் கற்றுக்கொடுத்தன. ஒரு ஆசிரியர் கற்றால் வருஷா வருஷம் ஒரு கிளாஸே கற்கும்.

2. உள்ளூரைப் படிப்பது

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்காக உருவான வெள்ள எச்சரிக்கை அமைப்பில் ஐ.ஐ.டி. பம்பாய், ஐ.ஐ.டி. மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் பங்கெடுத்தன. ஏன் கல்லூரிகள்? மழையளவு மட்டும் தெரிந்தால் போதாது. தண்ணீர் எந்தத் தெருவில் நிற்கும் என்று தெரியணும்.

நாமே ஒரு கணக்கு போடலாம். ஒரு சதுர கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரி என்றால் 10,000 லாரி! மண்தரை என்றால் ஒரு பகுதி உள்ளே இறங்கும். கான்கிரீட் என்றால் கிட்டத்தட்ட அத்தனையும் ஓடும். நம்ம ஏரியாவில் அது எங்கே ஓடும் என்று அளப்பது ஒரு நல்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். சிவில் பசங்க சர்வே எடுக்கலாம், ஈ.சி.இ. பசங்க நீர்மட்ட சென்சார் வைக்கலாம், சி.எஸ்.இ. பசங்க மேப் போடலாம்.

3. பழக்கப்படுத்துவது

பயம் வரும்போது மூளை யோசிக்காது, பழகினதைத்தான் செய்யும். தினமும் வந்த வழியையே எல்லோரும் தேடுவார்கள். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒத்திகை வேண்டும். பி.பி.டி.யில் படம் பார்த்தால் கால் பழகாது.

கடைசியில் நாங்கள் கையெழுத்து போட்டு ஒரு லெட்டர் கொடுத்தோம். இப்போது வகுப்பு நேரத்தில் அந்த கேட் திறந்திருக்கிறது. ஆனால் ஒத்திகை இன்னும் நடக்கவில்லை. நாங்கள் மே மாதம் கிளம்பிவிடுவோம். ஜூனியர்ஸ், இன்னைக்கு சாயங்காலம் உங்க ஹாஸ்டல் பின்பக்கப் படிக்கட்டு வரைக்கும் ஒரு நடை போய்ப் பாருங்க. பூட்டியிருந்தா, அடுத்த லெட்டர் நீங்க எழுதுங்க.