ஜிக்கா, தவளையா, ஸ்பூனா? ஈயக் குட்டையில் எந்த இரை?

திங்கட்கிழமை காலையில் கமுந்திங் பக்கத்தில் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்குள் போய், "நேத்து யாரெல்லாம் தூண்டில் போட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு கையாவது உயரும். "மண்புழு போட்டேன் சார், கெளுத்திதான் மாட்டுச்சு. அண்ணன் ரப்பர் தவளை போட்டு விரால் புடிச்சாரு!" இந்த ஒரு வாக்கியத்திலேயே ஓர் அறிவியல் பாடம் இருக்கிறது. பிள்ளைகளின் பாதுகாப்பும் இருக்கிறது.

லாருட் வட்டாரத்தில் 1840-களிலேயே ஈயம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. லம்பங்கள் மூடப்பட்டன, குழிகளில் தண்ணீர் நின்றது. நம் பிள்ளைகள் தூண்டில் போடுவது பெரும்பாலும் அந்தக் குட்டைகளில்தான்.

முதலில் மீனைத் தெரிந்துகொள்ளுங்கள்

பொய்யிரையை (கடையில் 'கேவாங்' என்று கேட்பார்கள்) அதன் அழகைப் பார்த்து வாங்கக் கூடாது. எந்த மீன், தண்ணீரில் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். விரால், அதாவது ஹாருவான், காற்றையும் சுவாசிக்கும். அதனால் புல்லும் ஆகாயத்தாமரையும் மண்டிய ஓரத்தில், மேல்மட்டத்தில் பதுங்கியிருக்கும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த பீக்காக் பாஸ் பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடும். கெளுத்தி அடியில் வாசனை பிடித்துத் தேடும். அதற்குப் பொய்யிரை வீண், மண்புழுதான் சரி.

ஜிக் எப்படி வேலை செய்கிறது?

ஜிக் என்பது ஈயத் தலையோடு சேர்ந்த ஒற்றை முள். பின்னால் ரப்பர் வால் மாட்டுவார்கள். எடை தலையில் இருப்பதால் தலைகீழாக அமிழும். நரம்பைக் கட்டும் வளையம் மேல்பக்கம் இருப்பதால் முள்முனை மேல்நோக்கியே நிற்கும். தரையில் உரசினாலும் மற்ற முட்களைவிடக் குறைவாகச் சிக்கும்.

வீசிய பிறகு அமிழ விடுங்கள். "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே இருங்கள். நரம்பு தளர்ந்தால் தரையைத் தொட்டுவிட்டது. இப்போது கோலை மெல்லத் தூக்கி, மறுபடி இறக்குங்கள். மீன் பெரும்பாலும் இறங்கும்போதுதான் கடிக்கும். அப்போது நரம்பு தொங்கிக் கிடந்தால் கடித்தது உங்களுக்குத் தெரியாது. ஆழம் குறைவென்றால் 3 முதல் 5 கிராம் போதும். ஆழமோ காற்றோ அதிகமென்றால் 7 முதல் 10 கிராம்.

மற்றவை எப்போது?

ரப்பர் தவளை: புல் மண்டிய இடம், காலை, மாலை, விரால். முள்முனைகள் உடம்போடு ஒட்டியிருப்பதால் புல்லில் மாட்டாது. விரால் பாய்ந்ததும் உடனே இழுக்காதீர்கள். ஒரு நொடி பொறுங்கள்.

ஸ்பூன்: திறந்த நீர், தூர வீச்சு. வெள்ளிக் குஞ்சுமீன்போல் பளபளக்கும். ஆற்றோட்டத்தில் செபாராவுக்கும் ஏற்றது.

ஸ்பின்னர்: கலங்கிய நீர். சுழலும் தகடு எழுப்பும் அதிர்வை மீன் தன் பக்கக்கோட்டால் உணரும், கண் தேவையில்லை.

மின்னோ: தெளிந்த நீர், பீக்காக் பாஸ். ஆனால் மும்முள் இரண்டு தொங்கும். கட்டையில் மாட்டினால் கழற்றுவது கஷ்டம்.

ஆக, மீன் மேலே என்றால் தவளை, நடுவே என்றால் ஸ்பூன் அல்லது மின்னோ, அடியில் என்றால் ஜிக். ஜிக்கை எண்ணிக்கையை மாற்றி நடுமட்டத்திலும் ஓட்டலாம். புதிய குட்டையில் ஆழம் அறியவும் அதுவே உதவும்.

சிக்கினால் அறுத்து விடு!

இதை மட்டும் மாணவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஈயக் குட்டையின் கரை குளத்தங்கரைபோல் சரிவாக இறங்காது. இரண்டடி வைத்தால் மூன்றாவது அடிக்குத் தரை இருக்காது, ஓரமணலும் சரியும். பையன் ஏன் தண்ணீரில் இறங்குகிறான்? பெரும்பாலும் சிக்கிய இரையை எடுக்கத்தான். முப்பது ரிங்கிட் மின்னோ என்றால் அப்பா திட்டுவாரே என்ற பயம் வேறு. அதனால்தான் பிள்ளைகளுக்கு விலை குறைந்த ஜிக் நல்லது என்கிறேன். "போனா போகட்டும், நரம்பை அறுத்துட்டு வாடா" என்று வீட்டில் சொல்லிவைத்தால், அந்த ஒரு வாக்கியம் உயிரைக் காக்கும். பெரியவர் துணையில்லாமல் போகவே கூடாது.

இன்னொன்று: தண்ணீர்மேல் சிவப்பாகக் கொத்துக்கொத்தாகக் குஞ்சுகள் மிதந்தால், கீழே தாய்விராலோ தந்தைவிராலோ காவல் இருக்கிறது. அங்கே தவளை போட்டால் கோபத்தில் பாயும், சுலபமாக மாட்டும். ஆனால் காவல் போனதும் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும். விட்டுவிடச் சொல்லுங்கள்.

வகுப்பறையில்

குட்டைக்குப் போகாமலே செய்யலாம். முள்ளை நீங்களே வெட்டி எடுத்த 3 கிராம், 7 கிராம் ஜிக் இரண்டு, ஒரே மாதிரி ரப்பர் வால், உயரமான கண்ணாடிக் கலன், நிறுத்தற்கடிகாரம். தற்சார்பு மாறி, ஜிக்கின் எடை. சார்பு மாறி, அடியைத் தொட எடுக்கும் நேரம். கட்டுப்படுத்தப்பட்ட மாறி, நீரின் ஆழமும் வாலும். மும்முறை அளந்து சராசரி எடுக்கட்டும். ஈயம் நச்சு, தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

கடைசியில் ஒரு கேள்வி: "மெதுவா இறங்குற இரையை மீன் ஏன் அதிகமா கடிக்கலாம்?" பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தூண்டில்காரன்தான் அன்று முதலில் கை தூக்குவான்.