மலாக்கா மரமும் துப்பாக்கிப் பிடியும்

'பிடி' என்னும் சொல் தமிழில் பெண் யானையைக் குறிக்கும். ஒரு கையில் அடங்கும் அளவைக் குறிக்கும். உறுதியாகப் பற்றுதலைக் குறிக்கும். கருவியில் கை பற்றும் உறுப்பையும் குறிக்கும். யானையை ஒதுக்கிவிட்டால் மற்ற மூன்று பொருளும் ஒன்றோடொன்று உறவுடையவை என்பது எளிதில் விளங்கும். கைக்கு அடங்குவதே பிடி, அடங்காதது வெறுங்கட்டை. சுழல் துப்பாக்கிக்குத் தனியாக மரப்பிடி செய்து கொடுக்கும் கைவினைஞர் தம் தொழிலின் முதல் விதியாகக் கொள்வதும் இதுவே.

ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கி, 1836இல் சாமுவேல் கோல்ட் பெற்ற அமெரிக்கக் காப்புரிமைக்குப் பின் உலகில் பரவியது. குண்டுகள் அடங்கிய உருளை ஒவ்வொரு முறையும் ஓர் அறையளவு சுழல்வதால் அதற்கு அப்பெயர். அதன் பின்புறத்தில் எஃகுச் சட்டம் ஒன்று கீழ்நோக்கி வளைந்து இறங்கும். அச்சட்டம் கை பற்றுவதற்கு மிக மெல்லியது. ஆகவே அதன் இருபுறமும் இரண்டு மரப்பலகைகளைப் பொருத்துவர். அப்பலகைகளே பிடியாகும். பழைய கோல்ட் துப்பாக்கிகளுக்கு வால்நட் எனப்படும் அக்ரோட்டு மரத்தில் ஒரே துண்டாகப் பிடி செய்ததும் உண்டு.

தொழிற்சாலை ஒரு நடுத்தரக் கையை மனத்திற்கொண்டே பிடியைச் செய்கிறது. அந்த நடுத்தரக் கை உலகில் யாருடையது? சிறிய கையுடையவர் பற்றினால் ஆட்காட்டி விரலின் நுனி விசையை எட்டாது. எட்ட வைக்கக் கையைத் திருப்பினால் குறி விலகும். பெரிய கையுடையவர் பற்றினால் நடுவிரலின் மூட்டு விசைக்காப்பு வளையத்தின் பின்புறத்தில் இடிபடும். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும் அன்றோ? நியூட்டனின் மூன்றாம் விதியை அம்மூட்டு நன்றாக அறியும். எனவே தனிப்பிடி செய்வோர் மூன்று அளவுகளை முதலில் எடுக்கின்றனர். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவட்டிலிருந்து விசைவரை உள்ள தொலைவு ஒன்று. விரல்கள் சுற்றிவளைக்க வேண்டிய சுற்றளவு ஒன்று. விசைக்காப்பு வளையத்திற்குப் பின்னே உள்ள இடைவெளி ஒன்று. மூன்றாவது சிறிதாகத் தோன்றினாலும் முதன்மையானது. அந்த இடைவெளியை மரத்தால் நிரப்பிவிட்டால் மூட்டில் படும் அடி நின்றுவிடும்.

பிடி கைக்கு எத்துணை நெருக்கமானது என்பதற்கு அங்கேரி நாட்டுப் போர்வீரர் காரோய் தகாச் வரலாறு சான்று. துப்பாக்கி சுடுவதில் வல்லவரான அவர், 1938இல் கையெறிகுண்டு ஒன்று வெடித்ததில் வலக்கையை இழந்தார். பிறகு இடக்கையால் சுடப் பழகினார். 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் நடந்த ஒலிம்பிக் ஆட்டங்களில் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றார். இதைத் தன்னம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். வலக்கைக்குச் செதுக்கிய பிடி இடக்கைக்குப் பகை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். உள்ளங்கை மேட்டுக்கு இடந்தரும் குழியும் பெருவிரல் தங்கும் படியும் அப்படியே இடவலம் மாறவேண்டும். போட்டித் துப்பாக்கிகளின் பிடிகள் இன்று கையின் அச்சுப்போலவே செதுக்கப்படுகின்றன. அதனால்தான் பன்னாட்டு விதிகள் அவற்றுக்கு எல்லை வகுத்துள்ளன. 25 மீட்டர் போட்டிக்குரிய துப்பாக்கி பிடியோடு சேர்ந்து 300 மில்லிமீட்டர் நீளமும் 150 மில்லிமீட்டர் உயரமும் 50 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். மணிக்கட்டுக்குத் தாங்கலாகவும் பிடி அமையக்கூடாது.

இனிச் செய்முறை. முதலில் எஃகுச் சட்டத்தின் வடிவைத் தாளில் வரைந்துகொள்வர். பின், நன்கு உலர்ந்த ஒரே கட்டையை நடுவே பிளந்து இரண்டு பலகைகளாக்குவர். அப்போதுதான் இருபுறத்து வரிகளும் ஒன்றுக்கொன்று எதிரொளிபோல் அமையும். மரத்தின் இழையோட்டம் பிடியின் நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் அடிமுனை ஒரே வீழ்ச்சியில் பிளந்து போகும். பலகையின் உட்புறம் எஃகின்மேல் ஒளிபுகாமல் படியவேண்டும். இதுவே தொழிலின் கடினமான பகுதி. மேற்புறத்தின் பளபளப்பைப் பார்த்து மயங்குவோர் உண்டு. கைதேர்ந்தவரோ பலகையைக் கழற்றி உட்புறத்தைத்தான் முதலில் பார்ப்பர். சட்டத்தின் அடியில் உள்ள சிறு முளைக்குப் பலகையில் குழி தோண்டி, நடுவே திருகாணிக்குத் துளையிட்டு, துளையின் வாயில் பித்தளை வளையம் பதிப்பர். பலகைகளைச் சட்டத்தைவிடச் சற்றுப் பெரியனவாகவே விட்டு, பூட்டிய பின் அரத்தால் எஃகின் விளிம்புவரை இழைத்துக் கொணர்வர். அதன்பின் கையில் வைத்துப் பார்த்தல், ஓரிடத்தில் சுரண்டல், மீண்டும் வைத்துப் பார்த்தல். இப்படியே நாட்கள் செல்லும். உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகப் பலமுறை ஊட்டி முடிப்பர். வழுக்காமல் இருக்கச் சிலர் சிறு சிறு சாய்சதுரக் கட்டங்களாக வரி வெட்டுவர்.

'நன்கு உலர்ந்த' என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். குளிர்நாட்டில் உலர்த்திய பலகையில் ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காடு ஈரமே இருக்கும். மலேசியாவின் புழுக்கக் காற்றில் அதே பலகை ஈரத்தை உறிஞ்சி 15 விழுக்காடு அளவில்தான் நிலைகொள்ளும். அங்கே மயிரிழை பிசகாமல் பொருந்திய பிடி இங்கே வந்து வீங்குவதற்குக் காரணம் இதுவே.

எந்த மரம் ஏற்றது? தமிழாசிரியர்களுக்கு இங்கே தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வரும். வன்மை வெளியே உடையதைப் புல் என்றும், உள்ளே உடையதை மரம் என்றும் தொல்காப்பியர் பகுத்தார். அவ்வன்மைக்கு அவர் ஆண்ட சொல் 'காழ்'. தச்சர் இன்று அதனை வைரம் என்பர். வைரம் ஏறாத வெளிப்பகுதிக்கு 'வெளிறு' என்னும் பழஞ்சொல் உண்டு. துப்பாக்கிப் பிடிக்கு வெளிறு உதவாது. வியர்வையை உறிஞ்சிக் கறுக்கும், பூச்சியும் அரிக்கும். அக்ரோட்டு மரத்தின் வைரம் எடை குறைவாயினும் எளிதில் முறுக்காது. ஆகவே உலகெங்கும் அதற்கே முதலிடம். ஈட்டி மரம் அழகும் உறுதியும் உடையது. ஆனால் அதன் தூள் பலருக்குத் தோலிலும் மூச்சிலும் எரிச்சல் உண்டாக்கும். மேலும் 2017 முதல் ஈட்டியினம் முழுவதும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.

மலாக்காவின் பெயரோடு பிணைந்த ஒரு மரமும் இவ்வரிசையில் உண்டு என்பது பலர் அறியாதது. பரமேசுவரன் ஓய்ந்து அமர்ந்திருந்த மரத்தின் பெயரையே நகருக்கு இட்டான் என்பது மரபு. மலாய்மொழியில் மலாக்கா மரம் என வழங்கும் அது நம் நெல்லி மரமே. நெல்லியின் செந்நிறக் கட்டை வன்மையும் வளைந்துகொடுக்கும் தன்மையும் உடையது. கருவிகளுக்கும் உக்காக்களுக்கும் துப்பாக்கிக் கட்டைகளுக்கும் அதைப் பயன்படுத்தியதாகத் தாவர நூல்கள் குறிக்கின்றன. குறையும் உண்டு. உலரும்போது எளிதில் முறுக்கும், பிளக்கும். நீருக்குள் கிடந்தாலோ நெடுநாள் கெடாது. கிணற்று நீரைத் தெளிவிக்க நெல்லிக்கட்டையை உள்ளே இடும் வழக்கத்தைத் தமிழ்நாட்டில் வாழ்ந்தோர் அறிவர்.

மலாய் மக்கள் பிடி செதுக்குவதில் தொன்றுதொட்டே வல்லவர்கள். அவர்களின் கெரிஸ் என்னும் குறுவாளைப் பற்றும் முறை நம் கத்தியைப் பற்றுவது போன்றதன்று. கைத்துப்பாக்கியைப் பற்றுவது போன்றது. பிடி அலகுக்கு நேராக நில்லாமல் சாய்ந்து நிற்கும். குத்தும்போது உள்ளங்கை பின்னிருந்து தள்ளும். தீபகற்பத்தில் பெருவழக்கான பிடி வடிவத்துக்குக் 'காய்ச்சல் கண்ட சாவகன்' என்று பெயர். கைகளைக் கட்டிக்கொண்டு குளிரில் ஒடுங்கிக் குந்தியிருக்கும் மனிதன்போல் அது தோன்றுவதால் அப்பெயர். அந்த வளைந்த முதுகும் ஒடுங்கிய வயிறும் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. விரல்கள் மடங்கும் இடத்தில் குழிவும் உள்ளங்கை அழுந்தும் இடத்தில் திரட்சியும் அவற்றால் கிடைக்கின்றன. கெமுனிங் என்னும் மரம் இதற்குப் பெயர்பெற்றது. கறிவேப்பிலையின் இனத்தைச் சேர்ந்தது. மஞ்சள் நிறமும் நெருங்கிய இழையும் உடையது. அலகின் வாலில் துணியோ மயிரோ சுற்றிப் பிடியின் துளைக்குள் இறுகச் செருகுவர்.

மரத்துக்குப் போட்டியாக வந்த பொருள் ஒன்று மலாக்காத் தோட்டங்களோடு நேரடித் தொடர்புடையது. 1839இல் சார்ல்ஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது பதப்படும் எனக் கண்டார். கந்தகத்தை மிகுத்து நெடுநேரம் சூடேற்றினால் ரப்பர் நெகிழ்ச்சியை இழந்து கருநிறக் கட்டைபோல் இறுகும். இதற்கு வல்கனைட் என்றும் எபனைட் என்றும் பெயர். ஆங்கிலேயப் படைக்கு 1887 முதல் வழங்கிய வெப்லி சுழல் துப்பாக்கியின் பிடிப்பலகைகள் இப்பொருளால் ஆனவை. 1915இல் வந்த ஆறாம் வகைக்கும் அவையே. முதல் வெப்லி வந்தபோது ரப்பர் பிரேசில் காட்டிலிருந்து வந்தது. ஆறாம் வகை வந்தபோது தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை விஞ்சிவிட்டது. அத்தோட்டங்களுள் மலாயாவில் வாணிக நோக்கில் முதன்முதல் எழுந்தது மலாக்கா புக்கிட் லிந்தாங்கில். ரிட்லியின் தூண்டுதலால் டான் சே யான் 1896இல் சுமார் 40 ஏக்கரில் அதை நட்டார். அடுத்து புக்கிட் அசகானில் சுமார் 3,000 ஏக்கர் எழுந்தது. கித்தாக்காடு என்று தமிழர் அழைத்த நிலங்களின் தொடக்கம் அதுதான்.

எபனைட் என்னும் பெயர் கருங்காலி மரத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. கருங்காலியைப்போல் கறுத்து இறுகியிருப்பதால் ரப்பர் அதன் பெயரைப் பெற்றது. தோட்டத் தமிழரிடையே 'கருங்காலி' என்றால் வேலைநிறுத்தத்தில் சேராமல் முதலாளி பக்கம் நிற்பவன். காட்டிக்கொடுப்பவனுக்குத் தமிழில் முன்பே இருந்த பெயர் 'கோடரிக்காம்பு'. காட்டை அழிக்கும் கோடரிக்குக் காம்பு தருவது அதே காட்டின் மரம் அன்றோ? பிடியை வைத்தே நன்றியையும் துரோகத்தையும் பேசிய மொழி இது.

1948 சூன் முதல் 1960 சூலை வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டத் துரைமார் இடையில் கைத்துப்பாக்கியோடு மலைக்காட்டைச் சுற்றினர். தோட்டத்துத் தமிழர் அந்நாளில் துப்பாக்கியை மிக அருகில் கண்டனர். மலாக்காவின் ஒரு பகுதி 1953 செப்டம்பர் 3 அன்று நாட்டின் முதல் 'வெள்ளைப் பகுதி'யாக அறிவிக்கப்பட்டு, ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அங்கே தளர்ந்தன. அவசரகாலம் முடிந்த அதே 1960இல் படைக்கலச் சட்டம் வந்தது. துப்பாக்கி வைத்திருக்கவும், செய்யவும், பழுது பார்க்கவும் தனித்தனி உரிமம் வேண்டும் என்றாயிற்று. ஆகவே தனிப்பிடி செதுக்குவது அமெரிக்காவில்போல் இங்கே ஒரு பெருந்தொழிலாக வளரவில்லை. அதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் அத்தொழிலின் அறிவு முழுவதும் கோடரிக்கும் பாராங்குக்கும் பால்வெட்டும் கத்திக்கும் பொருந்துவதே. நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவும் கைக்குப் பிடி பொருந்தாவிட்டால் கொப்புளம் காய்ப்பாகும். மணிக்கட்டு வலி நிலைக்கும். போட்டியில் பதக்கம் பெறும் கைக்கு அளவெடுக்கும் உலகம், இக்கைக்கு அளவெடுக்க நினைத்ததில்லை.

கருவி நெடுநாள் புழங்கினால் அதன் பிடியும் சிதையலாம். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் காம்பு திருத்தப்பட்டு நெய் பூசி அரண்மனையில் அழகாக இருப்பதையும், அதியமானின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லனின் சிறுகுடிலில் கிடப்பதையும் ஒப்பிடுகிறார். வேலின் காம்புக்கு அவர் ஆளும் சொல்லும் 'காழ்' என்பதே. மரத்தின் உள்வன்மையைக் குறித்த சொல் அவ்வன்மையால் ஆகிய காம்புக்கும் பெயராயிற்று.

மலாக்காத் தோட்டங்களில் இந்த இலக்கணத்தை மாணவர்க்குக் கண்ணாலேயே காட்டலாம். கித்தா மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டன. மறுநடவுக்காக வெட்டி வீழ்த்திய செம்பனை அடிமரம் ஒன்றின் குறுக்குவெட்டை அழுத்திப் பார்த்தால் ஓரம் இறுகியும் நடு பஞ்சுபோல் நெகிழ்ந்தும் இருக்கும். தொல்காப்பியர் புல்லினத்தில் சேர்த்தது இத்தகையதையே. அருகில் பழைய பாராங்கு ஒன்றின் மரப்பிடியை வைத்தால் வேறுபாடு தெரியும். கித்தா மரத்தை மட்டும் இச்சோதனைக்குக் கொள்ளலாகாது. அதன் கட்டையில் வைரமும் வெளிறும் பிரிந்து தோன்றுவதில்லை. மாவுப்பொருள் மிகுந்திருப்பதால் வெட்டிய சில நாளிலேயே பூச்சியும் பூசணமும் பற்றும். போராக்சு மருந்தூட்டி உலர்த்திய பின்னரே அது மேசை நாற்காலியாகிறது.