புறத்திரை ஒழுங்குகளின் நிலைபேறு: லினக்ஸ் கணினி பற்றிய ஒரு விளக்கம்

அரபுத்தமிழ் அச்சுப் பிரதிகளைத் தமிழ் எழுத்துக்குப் பெயர்த்து ஒப்புநோக்கும் பணியில் ஈடுபடுவோர்க்கு இரண்டு திரைகள் தேவைப்படுகின்றன. ஒன்றில் மூலத்தின் ஒளிப்படப் பிரதி, மற்றையதில் பெயர்ப்பு. மூலம் வலமிருந்து இடமாகச் செல்வது. பெயர்ப்பு இடமிருந்து வலமாக. எத்திரை எப்பக்கம் இருக்கவேண்டும் என்பது இப்பணியில் அற்ப விடயமன்று. ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையிலுள்ள பாலமுனையில் இத்தகைய பணியொன்றைச் செய்துவருகையில் நாம் எதிர்கொண்ட ஒரு நடைமுறைச் சிக்கலையும், அது தீர்ந்தவாற்றையும் இங்கு விளக்க முற்படுகிறோம். தொழில்நுட்ப வல்லுநருக்கு இதிற் புதுமை இராது. கணினியை எழுதுகருவியாகக் கொண்டும் அதன் உட்கட்டமைப்பை அறிய வாய்ப்பற்றிருக்கும் இலக்கிய மாணவரையே நாம் கருத்திற் கொண்டுள்ளோம்.

நாம் பயன்படுத்துவது பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட மடிக்கணினி. அதில் லினக்ஸ் இயங்குகிறது. அதனோடு பொருத்திய மொனிட்டர் 17 அங்குலச் சதுரத் திரை. பல கை மாறி வந்தது. இத்திரையின் இயல்பான அளவு அகலம் 1280, உயரம் 1024 புள்ளிகள். ஆனால் கணினியைத் தொடக்கும்போதெல்லாம் அது 1024க்கு 768 என்ற அளவிலேயே விழித்தது. அதாவது, 1,310,720 புள்ளிகளைக் காட்டவல்ல திரைக்கு 786,432 புள்ளிகளே அனுப்பப்பட்டன. எழுத்துக்கள் மங்கின, நுக்தாக்கள் ஒன்றோடொன்று கலந்தன. அரபுத்தமிழில் ஒரு புள்ளி கூடினாலோ குறைந்தாலோ எழுத்தே மாறிவிடும் என்பதை அறிந்தோர் இதன் பாரதூரத்தை உணர்வர். போதாக்குறைக்கு, இரு திரைகளும் ஒரே காட்சியையே காட்டின. நாளாந்தம் கட்டளை எழுதிச் சரிசெய்வோம். மின்சாரம் போய் வந்ததும் அனைத்தும் பழையபடியாகிவிடும்.

‘கணினிக்கு மறதி’ என்பதே இதைக் கண்டோர் கூறிய விளக்கம். பொருள்களின் இயக்கத்துக்கு மனித குணங்களைக் கற்பிக்கும் இவ்விளக்கம் காரணத்தை மறைக்கின்றது. மறப்பதற்கு முதலில் நினைவிற் பதிந்திருக்கவேண்டும். நாம் கொடுத்த கட்டளையோ எங்கும் பதியப்பட்டிருக்கவில்லை.

திரை ஒழுங்குகளுக்கு இருவகை இருப்பு உண்டு. ஒன்று, அக்கணத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் நிலை. மற்றது, கோப்பொன்றில் எழுதப்பட்ட நிலை. நாம் பயன்படுத்திய ‘எக்ஸ்ராண்டர்’ என்னும் கட்டளை முதலாவதை மட்டுமே மாற்றுவது. 1984இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் தோன்றிய ‘எக்ஸ்’ சாளர முறைமை நெடுங்காலம் தன் திரை அளவுகளைத் தொடக்கத்தில் ஒருமுறை கோப்பிலிருந்து வாசித்துக்கொண்டு, அதன்படியே இறுதிவரை இயங்கியது. திரைகளை இயங்கும்போதே சேர்க்கவும் நீக்கவும் இடமளிக்கும் முறை 2007இல் அதன் ‘ராண்டர்’ நீட்சியின் 1.2ஆம் பதிப்போடுதான் நிலைபெற்றது. இம்முன்னேற்றத்தின் மறுபக்கமே நமது சிக்கல்: ஒழுங்குகள் நெகிழ்ந்தன, நெகிழ்ந்தவை நிலைக்க வேறோர் ஏற்பாடு தேவைப்பட்டது.

அந்த ஏற்பாட்டை மேசைத்தளச் சூழல்கள் செய்தன. க்னோம் என்னும் சூழல், பயனர் ‘இவ்வொழுங்கை வைத்துக்கொள்’ என்று உறுதிசெய்ததும், அவரது இல்ல அடைவிலுள்ள ‘கொன்ஃபிக்’ என்னும் மறைவான அடைவில் ‘மொனிட்டர்ஸ்’ என்ற பெயருள்ள கோப்பில் அதைப் பதிகின்றது. கேடிஈ, எக்ஸ்எஃப்சிஈ ஆகியனவும் தத்தமக்குரிய கோப்புகளில் இவ்வாறே செய்கின்றன. ஆகவே, கட்டளையால் மாற்றுவதை விடுத்து அமைப்புச் சாளரத்தின் வழியாக மாற்றினால் ஒழுங்கு தானாக நிலைக்கும் என்பது பொதுவிதி. பெரும்பாலோர்க்கு இதுவே போதுமானது. நமக்குப் போதவில்லை.

ஏன் போதவில்லை என்பதிலேதான் இப்பிரச்சினையின் சாரம் உள்ளது. மேற்குறித்த கோப்பைத் திறந்து நோக்கினால், அதிலே திரையின் அளவு மட்டுமன்றி, அது எத்துளையில் இணைந்துள்ளது, செய்தவர் யார், எந்த வகை, தொடரிலக்கம் யாது என்பனவும் எழுதப்பட்டிருக்கக் காணலாம். ஒழுங்கு திரைக்குரியதன்று, அடையாளங் காணப்பட்ட திரைக்குரியது. இவ்வடையாளத்தைத் திரையே கூறவேண்டும். 1994இல் வகுக்கப்பட்ட ‘ஈடிஐடி’ என்னும் நியமத்தின்படி, ஒவ்வொரு திரையும் தன்னுள் 128 பைட் அளவான ஒரு குறிப்பைத் தாங்கியிருக்கும். செய்தவரைக் குறிக்கும் மூன்றெழுத்து, தொடரிலக்கம், செய்யப்பட்ட வாரமும் ஆண்டும், ஏற்கும் அளவுகள் என்பன அதில் அடங்கும். பழைய விஜிஏ இணைப்பின் 15 ஊசிகளில் 12ஆவதும் 15ஆவதும் இக்குறிப்பைக் கடத்துவதற்கானவை. மலிவான கேபிள்கள் பலவற்றில் இவ்விரு கம்பிகளும் இடப்படுவதே இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்கள் சென்றால் படம் தெரியும்; படம் தெரிந்தால் கேபிள் விலைபோகும். பயன்பெறுமதிக்கும் பரிமாற்றப் பெறுமதிக்கும் இடையிலான முரண்பாட்டுக்கு இதனைவிடக் கைக்கெட்டிய உதாரணம் வேண்டியதில்லை.

அடையாளம் கூறாத திரைக்கு எதுவும் ஆகிவிடக்கூடாதென்று, கணினி பாதுகாப்பான பொது அளவாகிய 1024க்கு 768ஐ வழங்குகின்றது. 1280க்கு 1024 என்பது அமைப்புச் சாளரத்தின் பட்டியலிலேயே தோன்றாது. பட்டியலில் இல்லாததைத் தெரிவுசெய்ய இயலாது. தெரிவுசெய்யாததைச் சேமிக்கவும் இயலாது. அடையாள அட்டையின்றிச் சோதனைச் சாவடியில் நின்ற தலைமுறை வாழும் கரையோரத்தில் இந்நியாயத்தை விளக்கப் பல சொற்கள் வேண்டா.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். இம்மென்பொருளை ஆக்கியோர் அலட்சியமாக நடந்தனர் எனக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால், தானியங்கியாக நினைவிற் கொள்ளும் முறைமை யாவும் திரை புதியது, கேபிள் முழுமையானது, மின்சாரம் தொடர்ச்சியானது என்ற எடுகோள்களின் மீது எழுப்பப்பட்டவை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில், 200 ரூபாவளவில் இருந்த டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின் துண்டிக்கப்பட்டது. அத்தகைய நாட்டில் பழைய பொருள்களே பலரது உற்பத்திச் சாதனங்கள். தானியங்கி முறைமை எவருக்கு மிக அவசியமோ அவரிடத்திலேயே அது செயலிழக்கின்றது.

இனித் தீர்வுக்கு வருவோம். முதலிற் செய்யவேண்டியது கேபிளை மாற்றிப் பார்ப்பது. இதைச் செய்யாமல் நாம் இரு வாரங்கள் கோப்புகளோடு போராடினோம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். எனினும் நமது திரை நல்ல கேபிளிலும் வாய்திறக்கவில்லை. பழுது அதன் உள்ளேயே இருந்தது.

இரண்டாவது வழி, எக்ஸ்ராண்டர் கட்டளைகளையே உள்நுழையும்போது தானாக ஓடும் கோப்பொன்றில் எழுதிவைப்பது. ‘சிவிரி’ என்னும் சிறு நிரல், அகலம், உயரம், 60 என்ற எண்களைக் கொடுத்தால் அவ்வளவுக்குரிய நேரக்கணிப்பு வரியைத் தரும். அவ்வரியைப் புதிய அளவாக அறிவித்து, இணைப்போடு சேர்த்து, பின் தெரிவுசெய்ய வேண்டும். இங்கே ஓர் இடறல் உண்டு. இணைப்பின் பெயர் இயக்கிக்கு இயக்கி வேறுபடும். ஒன்று ‘விஜிஏ-1’ என்பதை மற்றொன்று இடைக்கோடின்றி ‘விஜிஏ1’ என்னும். பிறர் எழுதிய கட்டளையைப் பெயர்த்தெழுதி ஏமாந்தோர் பலர் இதனாலேயே ஏமாந்தனர். மேலும், எக்ஸுக்கு மாற்றாக 2008இல் தொடங்கப்பெற்ற ‘வேலண்ட்’ முறைமையில் இக்கட்டளை திரையை மாற்றவல்லதன்று. இன்றைய வெளியீடுகள் பல வேலண்டையே இயல்பாகக் கொள்வதால் இவ்வழி குறுகிவருகின்றது.

மூன்றாவது வழியே நமக்குக் கைகொடுத்தது. மேசைத்தளம், உள்நுழைவுத் திரை ஆகிய இரண்டுக்கும் அடியிலுள்ள கருவத்துக்கே அளவைக் கூறிவிடுவது அது. தொடக்கும் நிரலாகிய ‘கிரப்’பின் அமைப்புக் கோப்பில், ‘குவைட் ஸ்பிளாஷ்’ என்ற சொற்கள் உள்ள வரியில், மேற்கோட்குறிக்குள்ளேயே, ‘வீடியோ’ என்ற ஆங்கிலச் சொல், சமக்குறி, இணைப்பின் பெயர், முக்காற்புள்ளி, 1280, ‘எக்ஸ்’ எழுத்து, 1024, @ குறி, 60 என்பவற்றை இடைவெளியின்றி எழுதவேண்டும். இறுதியில் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்தால், திரை தன்னை அறிவியாவிடினும் அது இணைந்திருப்பதாகக் கருவம் கொள்ளும். பின் உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் ‘அப்டேட்-கிரப்’ கட்டளையை நிருவாகி உரிமையோடு ஓட்டி, கணினியை மீளத் தொடக்கவேண்டும். இப்போது அவ்வளவு அமைப்புச் சாளரத்தின் பட்டியலிலே தோன்றும். அதைத் தெரிவுசெய்து, திரைகளை இடம் வலமாக வைத்து உறுதிசெய்தால், க்னோம் அதனைத் தன் கோப்பிற் பதிந்துகொள்ளும். எக்ஸாயினும் வேலண்டாயினும் இது செல்லும்.

உள்நுழைவுத் திரை மட்டும் பழைய ஒழுங்கிலேயே நிற்கக் காணலாம். அது நம் பெயரில் அன்றி வேறொரு பயனரின் பெயரில் இயங்குவதே காரணம். நமது இல்ல அடைவிலுள்ளதை அது அறியாது. அக்கோப்பின் பிரதியொன்றை அதன் அடைவிலும் இடலாம். நாம் இடவில்லை, கடவுச்சொல் எழுதும் அரை நிமிடத்துக்கு அது தேவையுமில்லை.

இத்தனையும் செய்ய முடிந்தமைக்கு, இவை யாவும் எவரும் திறந்து வாசிக்கத்தக்க வெறும் எழுத்துக் கோப்புகளாக இருப்பதே அடிப்படை. சுதந்திர மென்பொருள் இக்கரைக்கு அந்நியமானதுமன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல்கோளில் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அவ்வனர்த்தத்தை அடுத்து இந்நாட்டு மென்பொருளாளர் உருவாக்கிய ‘சஹானா’ நிவாரண முகாமைத்துவத்துக்கென உலகின் பிற நாடுகளிலும் பயன்பட்டது. ஆயினும் இச்சுதந்திரத்தை மிகைப்படுத்துவது தவறாகும். கோப்பு திறந்திருக்கின்றது, அதனை விளக்கும் நூல் ஆங்கிலத்தில் இருக்கின்றது. மாற்றும் உரிமை சட்டத்தால் அனைவர்க்கும் பொது. மாற்றும் ஆற்றல் மொழியாலும் கல்வியாலும் சிலர்க்கே உரியதாயிற்று. நம்மோடு பணிபுரியும் மாணவர் மூவரில் அரபுத்தமிழை மிக விரைவாக வாசிக்கக்கூடியவர் ஆங்கிலக் கையேட்டின் முதற் பக்கத்தைத் தாண்டவில்லை. கணினி ‘மறந்த’ நாட்களில் வேலையை நிறுத்திவிட்டு நமக்காகக் காத்திருந்தவரும் அவரே.

எனவே மேற்சொன்ன மூன்றாவது வழியை ஒரு தாளில் தமிழில் எழுதி மேசையின் மேல் ஒட்டினோம். அதைப் பார்த்துத் தம் வீட்டுக் கணினிக்கும் அவ்வாறே செய்த அம்மாணவர், மறுநாள் தாளில் ஒரு திருத்தம் எழுதியிருந்தார்: அவரது திரை 1440க்கு 900, எண்களை அவரவர் திரைக்கேற்ப மாற்றவேண்டும் என்பதை நாம் எழுத மறந்திருந்தோம்.