மோட்டார் வண்டியைப் பேணல்

ஓடுகின்ற வண்டியெல்லாம் ஓடத் தகுதியுடைய வண்டி என்று கருதுவார் பலர். எஞ்சினிற் குறையிருப்பின் வண்டி நின்று அதனைத் தானே அறிவித்துவிடும். நிறுத்தும் உறுப்பிற் குறையிருப்பினோ, நிறுத்தவேண்டும் வேளை வரும்வரை அது வாய்திறப்பதில்லை. ஆதலின் நாமே முற்பட்டு ஆராய்தல் இன்றியமையாததாகும்.

முதற்கண் பிரேக்கினை நோக்குவோம். கால் மிதிக்கும் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்வது குழாய்களில் நிறைந்துள்ள ஒருவகை எண்ணெய். அழுத்தினால் அது சுருங்காது. ஆதலின் விசை குன்றாது செல்லும். எனினும் அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 என்னும் வகையிற் புதியது 205 டிகிரி வெப்பம் வரையிற் கொதியாதிருத்தல் வேண்டும் என்பது விதி. ஈரமேறியதற்கோ அவ்வரம்பு 140 டிகிரியே. உதகையினின்று மேட்டுப்பாளையத்திற்கு இறங்குவோர் ஓயாது பிரேக்கினை மிதிப்பின் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றும். ஆவி சுருங்குமியல்பினது, கால் ஆழ்ந்து செல்லும், வண்டி நில்லாது. ஆதலின் தயாரித்தோர் குறித்த காலத்தில் எண்ணெயை மாற்றுதலும், இறக்கத்திற் கீழ்க்கியரிற் செல்லுதலும் வேண்டும்.

இனி டயர். அதன் வரிப்பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றுதற்கு அமைந்தவை. அவை தேய்ந்தால் வேகமாகச் செல்லுங்கால் டயருக்கும் சாலைக்குமிடையே நீர் படலமாய் நிற்கும். அப்போது திருப்பினாலும் வண்டி திரும்பாது. காரின் டயரிற் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைதலாகாது என்பது நம் நாட்டு விதி. பள்ளத்தினுள் உள்ள சிறு மேடுகள் அவ்வளவினைக் காட்டும். மேற்பரப்பு அவற்றோடு சமமாயின் டயரை மாற்றுக. காற்றுக் குறைந்த டயர் மிக நெளிந்து, சூடேறி, வெடித்தலும் உண்டு. அதனைப் பயணத்திற்கு முன், டயர் குளிர்ந்திருக்கையில் அளத்தல் நன்று.

பிரிட்டனில் 1960ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டு கடந்த வண்டிகட்கு ஆண்டுதோறும் சோதனை விதிக்கப்பட்டது. 1967இல் அவ்வெல்லை மூன்றாண்டாகக் குறைந்தது. நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பேருந்து, லாரி முதலிய வாடகை வண்டிகள் காலந்தோறும் தகுதிச் சான்று பெறல் வேண்டும். சொந்த உபயோகத்திற்குரிய காரின் பதிவோ பதினைந்தாண்டு செல்லும். இடையில் அத்தகைய சோதனை கட்டாயமில்லை. புகைச் சான்று புகையொன்றையே நோக்கும். ஆகவே அப்பதினைந்தாண்டும் சோதனை அதிகாரி உரியவரேயாவர்.

வண்டியைக் கழுவி மெருகிடுதற்கு மனமுவந்து பொருள் வழங்குவோர் சிலர், பிரேக்கு எண்ணெய்க்குக் கேட்பின் அடுத்த திங்கள் ஆகட்டும் என்பர். சாலையைக் கடக்கும் சிறு குழந்தை எதிர்வரும் வண்டியின் டயர் தேய்ந்ததோ என அறியுமா? அறியக்கூடியவர் உரியவர் ஒருவரே. நண்பர்காள், இன்று பழைய இருசக்கர வண்டியிற் கல்லூரிக்கு வருவோரும், நாளை கார் வாங்குவோரும் நம்முள் உளர். பிறர் உயிர் நம் கையில் ஒப்புவிக்கப்பட்டது என்னும் நினைவோடு வண்டியைப் பேணுவோமாக.