வாடகைக் கார் ஓட்டுநரின் உணவகப் பரிந்துரை

வாடகைக் கார் ஓட்டுநர் ஒரு சாப்பாட்டுக் கடையை நல்லதென்று சொன்னால் அதை எந்த அளவு நம்பலாம் என்பது, அப்படிச் சொல்வதால் அவருக்கு ஆதாயம் உண்டா என்பதைப் பொறுத்தது.

பழைய முன்மாதிரி

சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனிடம் பரிசு பெற்ற பாணன் வழியில் கண்ட மற்றொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், ஆமூரில் நண்டுடன் வெண்சோறு என வழியில் கிடைக்கும் உணவையும் கூறுகிறான். எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர் கருதுவர். சொன்னவன் பரிசு பெற்றுத் திரும்பியவன். சொன்னதற்காக அவனுக்குத் தரகு எதுவும் இல்லை.

டாக்சியும் செயலி வண்டியும்

இன்று மரக்காணம் வழியே கிழக்குக் கடற்கரைச் சாலை செல்கிறது. இத்தகைய நெடும்பயணத்தில் நாள் வாடகை டாக்சியை எங்கே நிறுத்துவது என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கையில் இருக்கும். பயணிகளை அழைத்துவரும் ஓட்டுநருக்கு இலவசச் சாப்பாடோ கமிஷனோ தரும் கடைகள் நெடுஞ்சாலைகளில் உண்டு. அந்தச் செலவைக் கடைக்காரர் நம் பில்லில்தான் ஈடுகட்டுவார்.

ஓலா (2010), ஊபர் (இந்தியாவில் 2013) போன்ற செயலி வண்டிகளில் சேருமிடம் முன்பே பதிவாகிவிடுவதால், வழியில் கடைக்குத் திருப்பும் வாய்ப்பு குறைவு. ஆனால் பயணி தரும் நட்சத்திரங்கள் பயணத்தின் தரத்துக்கே, சாப்பாட்டுக்கு அல்ல. உள்ளூர் ஸ்டாண்டு ஓட்டுநருக்கோ ஊரில் பெயர் கெடும் என்ற அச்சம் உண்டு.

கேட்கும் முறை

இலவசச் சாப்பாடு உண்பவர் எல்லோரும் பொய் சொல்பவர் அல்லர். நாள் முழுதும் வண்டி ஓட்டுபவருக்கு ஒருவேளைச் சோறு பெரிது. எனவே சந்தேகப்படுவதைவிடக் கேள்வியை மாற்றுவது நல்லது: "நீங்கள் சொந்தக் காசில், குடும்பத்தோடு எங்கே சாப்பிடுவீர்கள்?"